பங்க் விலையைத் துரத்திய பன்னிரண்டு பேர்

டீசல் விலை ஏறினால் சந்தோஷப்படுகிறவர்கள் இந்த வட்டாரத்திலேயே பன்னிரண்டு பேர்தான் இருந்தோம். அதில் ஒருத்தி நான். ஒருநாள் காலை கோவில்பட்டி பங்க்கில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட நின்றபோது, விலைப்பலகையில் எண் ஏறியிருப்பதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பின்னால் டிராக்டரோடு நின்ற ஒரு பெரியவருக்கு வந்ததே கோபம்.

"ஏம்மா, இங்கன எங்களுக்கு வயிறு எரியுது. ஒனக்குச் சிரிப்பாணியாவா வருது?"

மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியை முறுக்கினேன். வேலைக்குப் போய்ச் சேர்ந்தால் வாட்ச்மேன் எனக்கு முன்னாலேயே செய்தி கேட்டு ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். "லேப் அக்கா, ஏறிட்டு, பாத்தீகளா?" என்று கையைப் பிடித்துக் குலுக்குகிறார். ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அந்தக் காலையில் நாங்கள் சேவு தின்று கொண்டாடினோம்.

எங்கள் வேலை அப்படி. பசுவந்தனை போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே, தகரக் கொட்டகையும் உயர உயரமான இரும்புக் குழாய்களுமாக நின்ற ஒரு சின்ன ஆலையில் வேலிக்கருவை என்கிற சீமைக்கருவேல மரத்திலிருந்து டீசல் எடுத்தோம். பங்க் டீசல் விலை ஏற ஏறத்தான் எங்கள் டீசலுக்கு உயிர்.

போன மாதம் பொறியியல் படிக்கிற ஆறேழு பிள்ளைகள் வீடு தேடி வந்தார்கள். காற்றாலை மின்சாரத்தை வைத்துத் தண்ணீரையும் கரியமில வாயுவையும் சேர்த்து விமானத்துக்கே எரிபொருள் செய்யப் போகிறார்களாம். "மேடம், நீங்க அந்தக் காலத்துலயே பெட்ரோலியம் இல்லாம டீசல் செஞ்சீங்களாமே, அனுபவத்தை எழுதித் தாங்க" என்றார்கள். 'அந்தக் காலம்' என்று சொன்னதற்கு ஒரு முறை முறைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் பேச்சியம்மாள். சொந்த ஊர் இடைசெவல். வேதியியல் படித்தேன். பருத்திக்கொட்டை எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் பல வருடம் குப்பி கழுவி, எண்ணெயின் புளிப்பு பார்த்து, கல்யாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன். படித்துப் பழகிய கதை அவ்வளவுதான். நாற்பது வயதைத் தாண்டியபோது இந்த ஆலைக்கு ஒரு கெமிஸ்ட் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

ஆலையை ஆரம்பித்தவர் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, வைத்திருந்த ஒரு முதலாளி. எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தால் எதிராளிக்கும் உற்சாகம் தொற்றிக்கொள்ளும். "கண்ணுக்கு எட்டின தூரம் கருவை மரம் சும்மா கிடக்கு. வெட்டுனா வெள்ளாமை பாக்குற சம்சாரிக்கு நிலம் மிஞ்சும். எரிச்சா நமக்கு எண்ணெய் மிஞ்சும். இதுல நட்டம் எங்கன இருக்கு?" என்பார். நட்டம் எங்கே இருந்தது என்பதை அவர் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகவில்லை.

ஆலையை நடத்தியவர் ஞானமுத்து சார். தூத்துக்குடிக்காரர். நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கிற வெளிநாட்டு ஆலையில் பாதி ஆயுசு வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி, சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சில். என்னை வேலைக்கு எடுக்கும்போது சான்றிதழைப் பார்க்கவில்லை. இரண்டு மரத்துண்டுகளை மேசையில் வைத்து, "எது காஞ்சது?" என்று கேட்டார். இரண்டையும் ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தேன். மந்தமாகச் சத்தம் கொடுத்ததை ஒதுக்கினேன். "நாளைக்கு வந்துருங்க" என்றார்.

அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் எதிரில் இருப்பவருக்கு டீ வரவழைப்பார். டீ வந்துவிட்டால் நமக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். குடித்து முடிக்கிறவரை ஒன்றும் பேசமாட்டார். கடைசி மடக்கு இறங்கியதும், "சரி, எங்க தப்பிச்சு?" என்பார். அதாவது, எங்கே தவறு நடந்தது என்று. 'யார்' என்று கேட்கவே மாட்டார்.

வாசலில் ஒரு கரும்பலகை. அதில் அவர் கையால் தினமும் ஒரே ஒரு எண்ணை எழுதுவார். எங்கள் டீசலின் அடக்கவிலை பங்க் விலையைப்போல எத்தனை மடங்கு என்பதுதான் அந்த எண். ரூபாய், பைசா எதுவும் கிடையாது. உள்ளே நுழைகிற யாராக இருந்தாலும், வாட்ச்மேனோ விறகு வெட்டுகிறவரோ, அந்த எண்ணை வாசித்துவிட்டுத்தான் போகவேண்டும். எதனால் அப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவும் வேண்டும்.

ஒருமுறை நான் அதிகப்பிரசங்கியாகக் கேட்டேன். "சார், பங்க் விலையில பாதிக்குப் பக்கம் வரிதானே. நாம வரியே போடாம நம்ம அடக்கத்தை அதோட ஒப்பிடுதோம். இது நியாயமா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வரியைக் கழிச்சிட்டுப் பாத்தா நம்ம எண் இன்னும் கேவலமா வரும் பேச்சி. அந்தக் கணக்கு என்கிட்ட இருக்கு. பலகையில எழுதினா நாளைக்கு ஒருத்தரும் வேலைக்கு வரமாட்டாவ. மொதல்ல இதை ஜெயிப்போம்."

முதல் சொட்டு வந்த நாளைச் சொல்ல வேண்டும். மரத்தைத் துண்டுதுண்டாக வெட்டிக் காயவைத்து, உலையில் போட்டு, காற்றைக் குறைத்து எரித்தால் முழுக்கச் சாம்பலாகாமல் வாயுவாக மாறும். அதில் ஒட்டியிருக்கிற தாரைக் கழுவி, கந்தகத்தை நீக்கி, அழுத்தி, கோபால்ட் பூசிய மணிகள் நிரம்பிய குழாய்களுக்குள் விடவேண்டும். அங்கே வாயு ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாக நீளும். குட்டைச் சங்கிலி திரும்பவும் வாயு. கொஞ்சம் நீண்டால் பெட்ரோல் மாதிரி. இன்னும் நீண்டால் டீசல். ரொம்ப நீண்டுவிட்டால் மெழுகு. குழாயின் சூடு கூடினால் சங்கிலி குட்டை, குறைந்தால் நீளம். வேதியியல் இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்து பார்க்க எங்களுக்கு எட்டு மாதம் ஆயிற்று.

அடியில் இருந்த குழாயைத் திறந்ததும் முதலில் தண்ணீர் வந்தது. பிறகு சளசளவென்று கொஞ்சம் நுரை. அப்புறம் கண்ணாடி மாதிரித் தெளிவாக, நிறமே இல்லாமல், எண்ணெய். எல்லாரும் குப்பியை மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்தோம். டீசல் நாற்றம் இல்லை. அண்ணாச்சி விரலில் தொட்டு வேட்டியில் துடைத்து, மறுபடியும் தொட்டார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பழைய டீசல் மோட்டாரைத் தூக்கி வந்து ஊற்றினோம். இரண்டு சுற்று சுற்றியதும் பிடித்துக்கொண்டது. புகைபோக்கியில் கறுப்புப் புகையே இல்லை. அண்ணாச்சி அதன் வாயில் வெள்ளைத் துண்டைக் காட்டி, துண்டை எல்லாருக்கும் விரித்துக் காட்டினார். அப்புறம் அதையே தலையில் கட்டிக்கொண்டு மோட்டாரைச் சுற்றி ஆடினார். நாங்களும் ஆடினோம். ஞானமுத்து சார் மட்டும் பென்சிலால் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பிறகு போய்ப் பலகையில் அன்றைய எண்ணை எழுதினார்.

பதினொன்று.

பங்க்கில் ஒரு லிட்டர் வாங்குகிற விலைக்கு எங்கள் டீசல் பதினொன்றில் ஒரு பங்குதான் வரும். ஆடிக்கொண்டிருந்த அண்ணாச்சி அதைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு, "பரவால்ல, பன்னெண்டு இல்லல்லா!" என்று மறுபடி ஆட ஆரம்பித்தார். அந்த மனிதரை எப்படிப் பிடிக்காமல் போகும்?

அதற்குப் பிறகு அந்த எண் எங்களுக்குக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஆகிவிட்டது. பதினொன்று ஏழானது. உலையின் சூட்டைக்கொண்டே மரத்தைக் காயவைத்தோம், ஏழு ஐந்தானது. வாரத்துக்கு ஒருமுறை நின்றுகொண்டிருந்த ஆலையை மாதக்கணக்கில் நிற்காமல் ஓட்டினோம், ஐந்து மூன்றரையானது. பங்க் விலை ஏறினால் ஒன்றும் செய்யாமலேயே இன்னும் கொஞ்சம் இறங்கும். அதற்குத்தான் அந்தக் காராச்சேவு.

இறங்கவிடாமல் இழுத்துப் பிடித்தது இரண்டு. முதலாவது மரம். விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போடுகிற மாடசாமி என்பவர் எங்களுக்கு மரம் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும்தான் விலை. நாங்கள் ஒழுங்காக வாங்க ஆரம்பித்ததும் மரத்துக்குச் சொந்தக்காரர்கள் முளைத்தார்கள். கரிமூட்டக்காரர்களுக்கும் அதே மரம்தானே வேண்டும். "சும்மா கிடந்ததுக்கு ஏன் வே விலை?" என்று அண்ணாச்சி கேட்டதற்கு மாடசாமி சாவகாசமாகச் சொன்னார். "நீங்க கேக்குற வரைக்கும் சும்மா கிடந்துச்சு அண்ணாச்சி. கேட்டுட்டீகல்லா."

பொருளாதாரம் என்று தனியாக நான் படித்ததில்லை. படித்திருந்தாலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மழை பெய்தால் இன்னொரு கூத்து. நனைந்த மரம் எடை கூடும். எடைக்குக் காசு வாங்குகிறவருக்குச் சந்தோஷம், உலைக்குச் சாபம். அதனால் ஒவ்வொரு வண்டியிலும் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று கட்டைகளை உருவுவேன். ரம்பத்தால் அறுத்து விழுகிற தூளைக் கிண்ணத்தில் எடுத்து நிறுத்து, சூட்டுப்பெட்டியில் வைத்து, எடை இனி குறையாது என்கிறவரை நிறுத்துக்கொண்டே இருப்பேன். குறைந்த எடைதான் தண்ணீர். மாடசாமி வேப்பமரத்தடியில் காத்திருப்பார். "தண்ணிக்கும் சேத்துக் காசு கேக்குதீங்களே" என்றால், "அதுவும் எங்க ஊர்த் தண்ணிதானே தாயி" என்பார். சிரித்துக்கொண்டே கழித்துக் கொடுப்பேன். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்.

இரண்டாவது மெழுகு. எங்கள் குழாய்களில் டீசலோடு மெழுகும் வரும். சூடாக இருக்கும்வரை ஓடும். எங்காவது ஒரு முழம் குழாய் ஆறிவிட்டால் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஆலை நிற்கும். நீராவிக் குழலை வைத்து உருக்கி எடுப்பதற்குள் அரைநாள் போய்விடும். எங்களில் கையில் சூடுபட்ட தழும்பு இல்லாதவர்கள் ஒருவரும் இல்லை. அந்த மெழுகை மறுபடி உடைத்து டீசலாக்கத் தனி இயந்திரம் வேண்டும். அது எங்கள் வசதிக்கு மிஞ்சியது. ஆகவே பீப்பாய்களில் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கினோம். என் நோட்டில் அதற்கு ஒரு பத்தி உண்டு. தலைப்பு 'கழிவு'. பீப்பாய் விலை, ஏற்றுக்கூலி எல்லாவற்றையும் அதில் செலவாக எழுதி, டீசலின் அடக்கத்தில் சேர்ப்பேன். நான்கு வருடம் அப்படி என் கையாலேயே எழுதினேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது.

எண் இரண்டேகாலைத் தொட்ட நாளில் இனி ஒன்றைத் தொடுவதுதான் பாக்கி என்று நினைத்தோம். அப்போது உலகத்தில் கச்சா எண்ணெய் விலை விழுந்தது. எங்கோ யார் யாரோ எண்ணெயைக் கூடுதலாகத் தோண்டினார்கள். பசுவந்தனை ரோட்டில் நாங்கள் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. மரம் அதே மரம், சூடு அதே சூடு, ஆட்கள் அதே ஆட்கள். பலகையில் எண் மட்டும் மூன்று, மூன்றரை, நான்கு என்று ஏறிக்கொண்டே போனது. பங்க்கில் எல்லாரும் சிரித்த முகமாக நின்றார்கள். நான் உம்மென்று பெட்ரோல் போட்டு வந்தேன்.

அண்ணாச்சி ஒருநாள் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டவில்லை. பீப்பாய் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"சார், தீப்பெட்டி ஆபீஸ்ல வாற லாபத்தை எல்லாம் இங்கன கொட்டிட்டேன். இனி அங்க இருக்கிற பொம்பளையளுக்குச் சம்பளம் போடணும்லா. கையில இருக்கிற மரம் தீந்ததும் நிப்பாட்டிருவோம்."

ஞானமுத்து சார் டீ சொன்னார். ஆனால் இந்த முறை அண்ணாச்சி குடித்து முடித்ததும் 'எங்க தப்பிச்சு' என்று கேட்கவில்லை. "மரம் மூணு வாரத்துக்கு இருக்கு அண்ணாச்சி. ஒழுங்கா ஓட்டி ஒழுங்கா நிப்பாட்டுதேன்" என்றார். எழுந்து போய்ப் பலகையில் அன்றைய எண்ணை எழுதினார். எனக்குத்தான் அழுகை வந்தது. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் சுற்றுவட்டாரத்து மானாவாரிக் காட்டுக்காரர்கள். மழை பொய்த்த வருடங்களில் இந்தச் சம்பளம்தான் அவர்கள் வீட்டில் உலை வைத்தது.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு முற்பகலில் குட்டியானை வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. உள்ளிருந்து ஒரு அம்மா இறங்கினார். அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸில் மெழுகுச்சட்டியைப் பார்த்துக்கொள்கிற சுப்புத்தாய் அக்கா. பெயர் மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்தது அன்றைக்குத்தான்.

"இங்கன மெழுகு கிடக்குதாமே. எங்க மெழுகு வண்டி வந்து சேரல. சட்டி காலியா கிடக்கு. குச்சி அடுக்கின சட்டமெல்லாம் வரிசையா காத்துக்கிட்டு நிக்கி. ஏதாச்சும் ஒரு மெழுகைக் குடுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "தீக்குச்சிக்கு எதுக்குக்கா மெழுகு?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டி, நீ படிச்சவதானே? குச்சி நுனியில மருந்து கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான் எரியும். அதுக்குள்ள மரத்துல தீ பிடிக்கணும். மெழுகுல முக்காத குச்சி சீறிட்டு அணைஞ்சு போகும். மெழுகுல முக்கி, அப்புறம்தான் மருந்துல முக்குவோம்."

கோவில்பட்டிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்து, வீட்டில் ஆயிரக்கணக்கில் குச்சி உரசியிருக்கிறேன். இது தெரியாது. அண்ணாச்சிக்குத் தெரியும். ஆனால் அவருக்கு அங்கே மெழுகு என்பது வாங்குகிற சரக்கு, இங்கே மெழுகு என்பது அடைப்பு. இரண்டும் அவர் தலையில் சந்தித்ததே இல்லை.

இரண்டு பீப்பாய் ஏற்றிவிட்டோம். மறுநாள் காலையிலேயே அக்கா திரும்பி வந்தார். கைநிறையக் குச்சிகளை என் மேசையில் கொட்டினார். "இது மெழுகா, பீங்கானா? சட்டியில உருகவே மாட்டேங்கு. உருகினதும் குச்சிக்குள்ள இறங்காம மேலேயே படிஞ்சு உதிருது."

எடுத்து உரசினேன். மருந்து சீறியது, பாதியில் அணைந்தது. ஏமாற்றத்துக்குப் பதிலாக எனக்குள்ளே குறுகுறு என்று ஏதோ ஓடியது. எங்கள் மெழுகு ஒரே சரக்கு இல்லையே. நீளமான சங்கிலி, ரொம்ப நீளமான சங்கிலி எல்லாம் கலந்த கூட்டம் அது. ரொம்ப நீளமானதுதான் பீங்கான் மாதிரி இறுகுகிறது. அதை ஒதுக்கிவிட்டால்?

சோதனைக்கூடத்தில் மெழுகைக் காய்ச்சி வடித்தேன். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் காய்ச்சினால் கருகாது. ஆவியாகி வருவதைச் சூடு ஏற ஏறத் தனித்தனிக் குப்பியில் பிடித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு துளியை மயிரளவு கண்ணாடிக் குழலில் ஏற்றி, வெப்பமானியோடு சேர்த்துக் கட்டி, வெந்நீரில் விட்டு, எந்தச் சூட்டில் உருகுகிறது என்று பார்த்தேன். சுப்புத்தாய் அக்காவிடம் கேட்டு வாங்கிய பழைய கடைமெழுகுத் துண்டோடு ஒத்துப்போன குப்பிகளை மட்டும் சேர்த்தேன். தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்பினேன்.

அதுவும் திரும்பி வந்தது. இந்த முறை குச்சிகள் வியர்த்திருந்தன. பெட்டிக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. "பீங்கான் போயி நெய் வந்துட்டு" என்றார் அக்கா. மெழுகோடு கொஞ்சம் டீசலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

மூன்று வாரத்தில் மிச்சம் நான்கு நாள். ஞானமுத்து சார் இதுவரை இதில் தலையிடவில்லை. அன்றைக்கு என் மேசைக்கு வந்து நின்றார். எனக்கு டீ வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "நகரு பேச்சி, நான் காய்ச்சுதேன், நீ குழலைப் பாரு" என்றார். இரண்டு பகல் முழுக்க அப்படியே உட்கார்ந்தோம். முதலில் வருகிற எண்ணெய்ப்பசையை ஒதுக்கினோம், கடைசியில் வருகிற பீங்கானை ஒதுக்கினோம், நடுவில் வருவதை மட்டும் எடுத்தோம். ஆறியபோது பால்வெள்ளையாக இருந்தது. நகத்தால் கீறினால் நூல் மாதிரிச் சுருண்டு வந்தது.

மூன்றாவது தடவை அக்கா தனியாக வரவில்லை. அண்ணாச்சியைக் கூடவே இழுத்து வந்திருந்தார். ஒரு சட்டம் குச்சியை முற்றத்தில் கல்மேல் பரப்பினார். "வாங்க எல்லாரும். ஆளுக்குப் பத்து உரசுங்க."

கரிசக்காட்டுக் காற்று சும்மா இருக்குமா? சுழற்றிச் சுழற்றி அடித்தது. உச்சிவெயிலில் பன்னிரண்டு பேரும் அண்ணாச்சியும் டிரைவரும் வட்டமாக நின்று தீக்குச்சி உரசினோம். "பிடிச்சிட்டு!" "எனக்கும் பிடிச்சிட்டு!" "சுட்டுட்டு, சுட்டுட்டு!" விரல் சுடுகிறவரை எரிந்தது. வாட்ச்மேன் இரண்டிரண்டாக உரசினார். அந்த நேரம் பார்த்துப் பழைய பாக்கியை வாங்க வந்த மாடசாமி, "இவியளுக்கு என்ன ஆயிட்டு?" என்று வண்டியைவிட்டு இறங்காமலேயே கேட்டார். அண்ணாச்சி அணைந்த குச்சியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் குனிந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சார், மெழுகு விலையும் டீசல் விலையும் ஒண்ணா?"

"இல்ல அண்ணாச்சி. கிலோவுக்கு மெழுகு மேல."

"கோவில்பட்டியிலயும் சுத்திலயும் எத்தனை தீப்பெட்டி ஆபீஸ் இருக்கு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் சார் சிரிக்கவில்லை. மாலையில் கட்டுப்பாட்டு அறையில் தனியாக நின்றார். மெழுகு அதிகம் வேண்டும் என்றால் குழாயின் சூட்டைக் குறைக்கவேண்டும். நான்கு வருடமாக மெழுகு வராமல் இருக்க எந்தச் சூட்டைக் காவல் காத்தாரோ, அதையே அவர் கையால் இறக்கவேண்டும். டீசல் குறைந்துவிடும். அவர் ஆயுசு முழுக்கத் துரத்தியது டீசலைத்தான்.

நான் ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன். "சார், மெழுகு விற்கிற காசை டீசல் அடக்கத்துல கழிச்சுட்டா எண் ஒண்ணுக்கும் கீழ வந்துரும். போட்டுப் பாத்துட்டேன்."

"கழிக்கிற விதத்துல கழிச்சா டீசல் சும்மா கிடைக்குதுன்னுகூட எழுதலாம் பேச்சி. அது நம்மளை நாமளே ஏமாத்துறது. டீசல் மலிவாகல. விலைபோற இன்னொண்ணு கூட இருக்குன்னு இப்பத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு." பிறகு, "ஆனா ஆலை ஓடும்லா?" என்றார்.

"ஓடும் சார்."

"அப்ப சரி." திருகைப் பிடித்தார். ஒவ்வொரு பாகையாக, அரைமணிக்கு ஒருமுறை, சூட்டை இறக்கினார். கடைசிப் பாகை இறங்கியதும் என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். அவருக்குச் சிங்கப்பல் ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெழுகை வடிக்க ஒரு கோபுரம் கட்டினோம். பீங்கான் மாதிரி இறுகுகிறதைப் பெயின்ட்காரர்களும் பிளாஸ்டிக்காரர்களும் வாங்கினார்கள், அதற்கு இன்னும் நல்ல விலை. டீசல் மெழுகோடு கூடவே வருகிற சரக்காக ஆகிவிட்டது. எங்கள் லாரிக்கும் மரம் வெட்டுகிற இயந்திரத்துக்கும் போக மிஞ்சியதை அக்கம்பக்கத்து மோட்டார்களுக்கு ஊற்றினோம். நான் ஓய்வு பெறுகிறவரை ஒருநாள்கூட எங்கள் டீசலின் நேர்மையான அடக்கவிலை பங்க் விலைக்குக் கீழே வரவில்லை. ஆலையில் இப்போது முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள். என்னைத் தேடி வந்த பிள்ளைகளுக்கு இதைத்தான் சொன்னேன்: எரிபொருள் செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். கூட என்னென்ன வருகிறது, அது யாருக்கு வேண்டும் என்றும் பக்கத்துத் தெருவில் விசாரித்துப் பாருங்கள். எங்களுக்கு நான்கு வருடம் பிடித்தது.

கோபுரம் கட்டி முடித்து ஆலையை மறுபடி தொடங்கிய காலையில் அண்ணாச்சி பூஜை போட்டார். உலையைப் பற்றவைக்க எண்ணெயில் நனைத்த பந்தத்தைச் சார் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கமாக அவர்தான் கொளுத்துவார். அன்றைக்குச் சுப்புத்தாய் அக்காவைக் கூப்பிட்டார்.

"வாங்கக்கா. உங்க கையால."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். எங்கள் மெழுகில் முக்கின குச்சிகளை அடைத்த முதல் பெட்டியைத் திறந்தார். ஒரு குச்சியை எடுத்து உரசி, காற்றுக்குக் கை மறைக்காமல், வேண்டுமென்றே நேராகப் பிடித்துக் காட்டினார். ஆடியது, சாய்ந்தது, அணையவில்லை. பந்தம் பற்றியது. உலைக்குள் கருவைக் கட்டைகள் படபடவென்று பிடித்துக்கொண்டன. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். சார் தீப்பெட்டியை வாங்கக் கை நீட்டினார், அலமாரியில் ஞாபகமாக வைக்கலாம் என்று.

"எதுக்கு?" என்றார் அக்கா. "ஒரு குச்சிதானே ஆச்சு. வீட்டுல அடுப்பு இருக்குல்லா?"

பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக நடந்து போய் வண்டியில் ஏறிவிட்டார்.